ஊசிக்கு முந்திக்கொண்ட மீசை

மாரப்பன் சபதம் போட்டது பால் சொசைட்டியில். நேரம் காலை ஆறே முக்கால். சாட்சிகள் பதினோரு பேர்.

"இந்தக் கொரோனா ஊசிய நான் போட்டுக்கிட்டன்னா, என்ற மீசைய எடுத்துக்கறேன். எழுதி வெச்சுக்கங்க!"

யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லார் கையிலும் பால் கேன் இருந்தது. ஆனால் மாரப்பன் வலது நுனியை ஒரு முறுக்கு, இடது நுனியை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு, சைக்கிளில் ஏறினார். அது சாதாரண மீசையல்ல. கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு, யாரோ பெரிய அதிகாரி மஃப்டியில் போகிறார் என்று சல்யூட் அடித்திருக்கிறார். சல்யூட் பின்னால் வந்த ஜீப்புக்குத்தான் என்று மாரப்பனின் மனைவி துளசிமணி சொல்லுவாள். அவள் எதைத்தான் ஒத்துக்கொண்டாள்?

உண்மை என்னவென்றால், மீசைதான் தைரியசாலி. அதற்குப் பின்னால் இருந்த மனுசனுக்கு ஊசி என்றால் பயம். மாட்டு டாக்டர் வந்து மாட்டுக்கு ஊசி போடும்போது, கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் மாரப்பன் கண்ணை மூடிக்கொள்வார். மாடு மூடாது. ஒருமுறை ஊசி போட்டதும் மாடு அப்படியே நின்றது, மாரப்பன் விழுந்தார். டாக்டர் மாட்டை விட்டுவிட்டு அவருக்குத் தண்ணீர் தெளித்தார்.

அந்த டாக்டரை விட்டால் இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் துளசிமணி. கோபாலபுரத்துக்கு மேற்கே, கேரளப் பக்கம், நாலு ஏக்கர் தென்னை, அதற்கு நடுவே ஒரு ஊடு, ஊட்டுக்குப் பின்னால் கட்டுத்தாரையில் ரெண்டு கறவை மாடு. எல்லாம் மாரப்பன் பேரில் இருந்தது. எல்லாவற்றையும் நடத்துவது துளசிமணி. கல்யாணமாகி இருபத்தாறு வருசத்தில் அவளிடம் மாரப்பன் வாங்காத டோஸ் இல்லை. அதற்கெல்லாம் ஸ்லாட் புக் பண்ண வேண்டியதில்லை. ஓ.டி.பி.யும் வராது. நேராக விழும்.

ஆனால் இந்த ஊசி விசயத்தில் மட்டும் அவள் சண்டைக்கே வரவில்லை. ஒருநாள் காலையில் போனாள், முதல் டோஸ் போட்டுக்கொண்டாள், வந்தாள், பலாப்பழம் அறுக்க உட்கார்ந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கையைத் தலைக்கு வைத்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

மாரப்பன் இதற்காகத்தான் காத்திருந்தார். ஊசி போட்ட கையில் இரும்பு ஒட்டும் என்று வாட்சப்பில் வந்திருந்தது. சமையல்கட்டிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக அவள் கையில் வைத்தார்.

ஒட்டியது.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" கண்ணைத் திறக்காமல் கேட்டாள் துளசிமணி.

"ஒ... ஒண்ணுமில்ல புள்ள. ஈ உக்காந்துச்சு."

"ஈயப் போயிக் கரண்டில அடிப்பாங்களா?"

"புள்ள, அசையாத! கரண்டி ஒட்டிக்கிச்சு! உனக்குள்ள காந்தம் பூந்துருச்சு!"

துளசிமணி எழுந்து உட்கார்ந்து கையைத் தூக்கிப் பார்த்தாள். கரண்டி கீழே விழாமல் தொங்கியது.

"பலாப்பாலுங்க."

"என்னது?"

"பழம் அறுத்தனுங்கள்ல. முழங்கை மேல வரைக்கும் பிசினு. கரண்டி என்ன, நீங்க தொட்டாக்கூட ஒட்டிக்குவீங்க. போங்க, போயித் தேங்காயெண்ணெய் எடுத்துட்டு வாங்க."

மாரப்பன் எண்ணெய் எடுத்து வந்தார். ஆனால் குழப்பம் தீரவில்லை. பிசின் இல்லாத கையில் ஒட்டினால் காந்தம். காந்தம் இல்லாத கையில் ஒட்டினால் பிசின். ரெண்டுமே இருந்தால்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதை யாரிடமும் கேட்கவும் முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வளைகாப்பு வந்தது. ஒரே மகள் யோகப்பிரியாவைக் கஞ்சிக்கோட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அங்கேயே கம்பெனி வேலை. அவளுக்கு ஏழாம் மாசம். ஆடி பிறக்கும் முன்னால் முடித்துவிட வேண்டும் என்று மூணு வாரத்தில் தேதி வைத்திருந்தார்கள்.

"சம்பந்தி ஊட்ல ஒரே பேச்சா சொல்லீட்டாங்களாமுங்க," என்றாள் துளசிமணி, சோறு போட்டுக்கொண்டே. "ஊசி போடாதவிங்க வளைகாப்புக்கு வரப்படாதாம். புள்ளத்தாச்சி இருக்கற ஊடு பாருங்க."

"பெத்த அப்பனுக்குமா?"

"அப்பனுக்குன்னு தனியா ஊசி இருக்குதுங்களா?"

"நான் சபதம் போட்டிருக்கேன் புள்ள!"

"தெரியுமுங்க. நீங்க சபதத்தக் காப்பாத்துங்க. நான் மட்டும் போயிட்டு வர்றனுங்க. வர்றப்ப டப்பாவுல கட்டுச்சோறு அஞ்சு வகையும் கொண்டாறேன். கொழம்பு இன்னொரு கரண்டி ஊத்தட்டுங்களா?"

மாரப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சண்டை போட்டால் எப்படித் தோற்பது என்று அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருசப் பழக்கம். சரிங்க என்று சொல்லிவிட்டால் என்ன செய்வதென்றுதான் தெரியாது. சம்பந்தியைப் போனில் கூப்பிட்டு, "எனக்கு மட்டும் ஒரு வழி பண்ணுங்க" என்று கேட்கலாம்தான். ஆனால் பெண்ணைக் கொடுத்த இடத்தில் இறங்கிப் பேச மீசை விடவில்லை.

மகள் வளையல் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்காமல் இருப்பதா? மாரப்பன் தோப்புக்குள் நடந்து நடந்து யோசித்தார். யோசித்ததில் மீசைதான் நீண்டது. மேலுதட்டைத் தாண்டி, டீயில் நனையும் அளவுக்கு வந்துவிட்டது. கொரோனா கூடிப் பஞ்சாயத்து டி கேட்டகிரி ஊரடங்கில் இருந்ததால் சலூன் எல்லாம் மூடிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் ஒருநாள் காலையில் வேப்பமரத்தில் கண்ணாடியை மாட்டி, கத்திரியை எடுத்துக்கொண்டு தானே நின்றார்.

வலது பக்கம் அளவாக வந்தது. இடது பக்கத்தில் கத்திரியை வைத்தார்.

"ஏனுங்க! மாடு அவுத்துக்கிட்டுத் தென்னங்கன்னுக்குள்ள பூந்துருச்சு! ஓடியாங்க!"

சரக்.

மாரப்பன் கத்திரியோடு ஓடினார். கட்டுத்தாரையில் ரெண்டு மாடும் கட்டின இடத்தில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. அவர் ஓடி வந்ததைப் பார்த்து ஒன்று எழுந்துகூட நின்றது.

"எங்க புள்ள அவுந்துச்சு?" உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"அவுந்த மாதிரி தெரிஞ்சுதுங்க. கண்ணு மங்கலாப் போச்சு. வயசாகுதில்லீங்க?" என்றாள் துளசிமணி.

கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிறவள் அவள். மாரப்பன் அதையெல்லாம் நினைக்கும் நிலைமையில் இல்லை. வேப்பமரத்துக்குத் திரும்பி ஓடினார். இடது பக்க மீசை பாதி மண்ணில் கிடந்தது. வலதை இடதுக்குச் சமமாக வெட்டினார். வலது குட்டையானது. இடதைக் கொஞ்சம் சரிசெய்தார். அது அதைவிடக் குட்டையானது. கால் மணி நேரத்தில் மூக்குக்குக் கீழே இரண்டு கட்டெறும்புகள் மட்டும் மிஞ்சின. அந்த மாதிரி மீசையோடு ஒரு மனுசன் தன் மாட்டு முன்னால்கூட நிற்க முடியாது. ரேசரை எடுத்து வழித்துவிட்டார்.

கண்ணாடியில் யாரோ ஒரு ஆள் தெரிந்தான். மாரப்பனுக்கு அவனைப் பிடிக்கவில்லை.

அப்புறம்தான் தலையில் இடி விழுந்தது. ஊசி போட்டால் மீசையை எடுப்பேன் என்று சபதம். இப்போது மீசை போய்விட்டது. பார்க்கிறவன் என்ன சொல்வான்? மாரப்பன் ஊசி போட்டுக்கொண்டான் என்பான். போடவில்லையே! குற்றம் செய்யாமலே தண்டனை வந்து முன்னால் நிற்கிறது. இப்படி ஒரு கேஸை எந்தக் கோர்ட்டில் சொல்வது?

ஓடிப்போய் மாஸ்க்கைத் தேடினார். அதுநாள் வரை அவருடைய மாஸ்க் தாடையை மட்டும்தான் காப்பாற்றி வந்தது. கொரோனா தாடை வழியாக வருகிற நோயாக இருந்திருந்தால் மாரப்பனை அண்டியே இருக்காது. இப்போது முதல் முறையாக அதை மூக்குக்கு மேலே ஏற்றினார். கம்பியை அழுத்தினார். காதுப் பக்கம் ஒரு முடிச்சு கூடப் போட்டு இறுக்கினார்.

அதற்குப் பிறகு அவர் அதைக் கழற்றவே இல்லை. ஊட்டுக்குள்ளும் மாஸ்க். தோப்புக்குள்ளும் மாஸ்க். சாப்பிடும்போது மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, எதுக்குங்க செவுத்தப் பாத்துட்டு உண்றீங்க?"

"எச்சில் தெறிச்சா ஒட்டிக்குமாம் புள்ள. உன்ற நல்லதுக்குத்தான்."

"செவுத்துக்கு ஒட்டாதுங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழியில் போகிறவன்கூடக் கேட்பான், கூடவே இருக்கிறவள் கேட்கவில்லை. அது ஏன் என்று மாரப்பனுக்கு விளங்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இரண்டு மூன்று பொய் தயார் செய்து வைத்திருந்தார். அவை வீணாகப் போய்க்கொண்டிருந்தன.

பால் சொசைட்டிக்கும் அவர் போகவில்லை. மூச்சு வாங்குகிறது என்று சாக்குச் சொல்லி, துளசிமணியை அனுப்பினார். அவள் தினமும் ஒரு சேதியோடு வந்தாள்.

"சொசைட்டியில ஒரே உங்க மீசையப் பத்தித்தானுங்க பேச்சு."

மாரப்பன் மாஸ்க்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "என்ன பேசறாங்க?"

"மாரப்பன் மூஞ்சியில மீசை இருந்தா, அவரு ஊசி போடலைன்னு அர்த்தமாம். மீசை இல்லீன்னா, போட்டுட்டாருன்னு அர்த்தமாம். சர்ட்டிபிகேட்டே வேண்டியதில்லைங்கறாங்க. நெம்ப மரியாதையாத்தான் பேசறாங்க."

"வேற வேலையே இல்லியா அவிங்களுக்கு?"

"அதானுங்க. பால் ஊத்தறாங்களோ இல்லியோ, மீசைதான் பேச்சு."

மாரப்பன் முடிச்சை இன்னும் இறுக்கினார்.

நாலாம் நாள் அடுத்த தோட்டத்துக் கருப்புசாமி வேலியோரம் வந்தார். மாரப்பன் மாஸ்க்கோடு உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தார்.

"ஏப்பா மாரப்பா, சுத்துவட்டத்துல ஒரு ஆளில்ல. எதுக்கப்பா மூஞ்சிய மூடீட்டு உக்காந்திருக்கற?"

"பாதுகாப்பு!"

"ஆருக்கு? மாட்டுக்கா?"

மாரப்பன் காம்பை இன்னும் வேகமாக இழுத்தார். கருப்புசாமி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். குரல் இறங்கியது.

"ஏப்பா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. கட்டுத்தாரையில உக்காந்திருக்கறயே, சாணி நாத்தம் தெரியுதா?"

மூன்றடுக்கு மாஸ்க்கை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்த மாரப்பன் ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தார். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"இல்லியே, ஒண்ணும் தெரியல."

கருப்புசாமி பத்தடி பின்னால் போனார். திரும்பினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

அன்று மத்தியானமே சுகாதாரத்துறை ஆசா வர்க்கர் ஜிஸ்மி வந்துவிட்டாள். கையில் நோட்டு, விரலில் மாட்டும் மெசின். மலையாளத்துப் பெண், இந்தப் பக்கம் வேலை பார்த்துத் தமிழும் கலந்து பேசுவாள்.

"சேட்டா, எத்தன திவசமா மணம் தெரியல?"

"அம்மிணி, எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கறவங்க எதுக்கு ஊட்டுக்குள்ள மாஸ்க் போடணும்? மாஸ்க் கொஞ்சம் தாத்துங்க. மொகம் பாக்கட்டே."

"தாத்த மாட்டேன்!"

"அப்ப நாளைக்குக் காலைல பி.எச்.சி.ல டெஸ்டு. வரலைன்னா பஞ்சாயத்து வண்டி வரும் சேட்டா. ஸ்கூல்ல போட்ட கொரோனா வார்டுல பதினேழு திவசம் கெடக்கணும். நான் பொறுப்பல்ல."

ஜிஸ்மி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டாள். மாரப்பன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இந்த முறை சாப்பாடுகூட முன்னால் இல்லை. மாஸ்க்கைக் கழற்றினால் மீசையில்லாதவன். கழற்றாவிட்டால் கொரோனாக்காரன். பதினேழு நாள் பள்ளிக்கூடத்தில் கிடந்தால், வளைகாப்பு அந்தப் பக்கமாக முடிந்து போய்விடும். ஊசி போடாமலே ஊசி போட்டவன் ஆனது போதாதென்று, நோய் வராமலே நோயாளியும் ஆகிவிட்டோமே என்று நினைத்தபோது, அவருக்கு நிஜமாகவே லேசாகக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது.

துளசிமணி மோர் கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, மீசை முழுசா மொளைக்க எத்தன நாளுங்க ஆகும்?"

மாரப்பனுக்குப் புரை ஏறியது. அவர் இன்னும் மோரைக் குடிக்கவே இல்லை.

"உ... உனக்கெப்பத் தெரியும்?"

"அன்னிக்கேங்க. வேப்பமரத்தடியக் கூட்டுனது ஆருன்னு நெனச்சீங்க?"

"அப்பறம் ஏன் புள்ள ஒரு வார்த்த கேக்கல?"

"மாஸ்க்கு போட்டதுலருந்து நீங்க பேசறது கொறைஞ்சுதுங்க. ஊடு சித்த நிம்மதியா இருந்துச்சு. எதுக்குக் கெடுக்கறதுன்னு உட்டுட்டேன்."

மாரப்பன் மாஸ்க்கைக் கழற்றினார். நாலு நாளுக்குப் பிறகு காற்று முகத்தில் பட்டது. துளசிமணி ஒரு நிமிசம் பார்த்தாள். சிரிக்கவில்லை, உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள்.

"இப்ப என்ன பண்றது புள்ள?"

"நாளைக்கு மூக்குல குச்சி உடறப்ப இதக் கழட்டித்தானுங்க ஆகோணும்?"

"ஆமா."

"கழட்டுனா மீசை இல்லீன்னு தெரிஞ்சுரும்?"

"ஆமா."

"மீசை இல்லீன்னா, மாரப்பன் ஊசி போட்டுட்டாருன்னு ஊரே சொல்லும்?"

"ஆனா நான் போடலியே!"

"போடலைன்னு சொன்னா, மீசை எங்கன்னு கேப்பாங்க. மாடு அவுந்துச்சு, கை தவறிப்போச்சும்பீங்க. ஆரு நம்புவா? ஊசியும் போட்டுட்டுப் பொய்யும் சொல்றான்னுதான் பேசுவாங்க. அதுக்குப் பதிலா, போட்டுட்டீங்கன்னா என்ன பேசுவாங்க தெரியுமுங்களா? 'மாரப்பன் சொன்ன சொல்லுக்கு மீசையவே குடுத்த மனுசன்'பாங்க."

மாரப்பன் யோசித்தார். இதில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் விரல் வைத்துப் பார்த்தால் அகப்படவில்லை.

"ஆனா புள்ள, மொதல்ல ஊசி, அப்பறமில்ல மீசை? இங்க மீசை முந்திக்கிச்சே."

"தேதிய ஆருங்க பாக்கறா?"

அந்த இடத்தில்தான் மாரப்பன் தோற்றார். எப்படித் தோற்றோம் என்பது மட்டும் அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் டெஸ்டு. மூக்குக்குள் விட்ட குச்சி மூளையைத் தொட்டு, அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஜிஸ்மி வெளியே வந்தாள்.

"சேட்டா, நெகட்டிவ்!"

மாரப்பன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "புள்ள, நெகட்டிவாம்..."

"நெகட்டிவ்னா நல்லதுங்க."

"நல்லதுன்னா அதெதுக்கு நெகட்டிவ்ங்கறாங்க?"

"எந்திரிங்க, எந்திரிங்க. அந்தப் பக்கம் வரிசையில பேரு கூப்பிடறாங்க."

அடுத்த ஹாலில், "மாரப்பன், ஐம்பத்து மூணு வயசு!" என்று நிஜமாகவே கூப்பிட்டார்கள். கூட்டமாக இருக்கிறது, இன்னொரு நாள் வரலாம் என்று சொல்ல வாயைத் திறந்திருந்த மாரப்பன் அப்படியே நின்றார். துளசிமணியின் போன் கிணுக்கென்றது. அவள் ஓ.டி.பி.யைக் கடகடவென்று சொன்னாள்.

"இத எப்பப் புள்ள பதிஞ்ச?"

"அது என்னமோ இப்பல்லாம் தானாப் பதிஞ்சுக்குதாமுங்க. சட்டையத் தூக்குங்க."

நர்ஸ் பஞ்சை மருந்தில் தொட்டுக் கையில் தடவினாள். மாரப்பன் கண்ணுக்கு முன்னால் ஹால் ஒரு சுற்று சுற்றியது.

கண் விழித்தபோது பெஞ்சில் படுத்திருந்தார். துளசிமணி பதிவுச் சீட்டால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா புள்ள? வலியே தெரியலியே!"

"இன்னும் போடலீங்க. நீங்க உழுந்தது பஞ்சுக்கு."

வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரப்பனுக்கு ரோசம் வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தார். துளசிமணியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "போடுங்கம்மா," என்றார் நர்ஸிடம், கண்ணை மூடாமல். கொசு கடித்த மாதிரி ஒன்று. அவ்வளவுதான்.

"முடிஞ்சுது," என்றாள் நர்ஸ்.

"இவ்வளவுதானா?" மாரப்பனுக்குக் கோபம் பொங்கியது. "இதுக்கா நான் மீசையக் குடுத்தேன்?"

ஒருநாள் காய்ச்சல். ஒருநாள் கஞ்சி. மூணாம் நாள் காலையில் பால் கேனைத் தானே எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குக் கிளம்பினார். நடக்கும்போதே பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். அதே பதினோரு பேர் நின்றார்கள். மாரப்பன் ஆறடி தள்ளி நின்று, மாஸ்க்கைக் கழற்றி, முகத்தை நிமிர்த்தினார்.

"பாத்துக்கங்க! ஊசி போட்டுட்டேன். சொன்ன சொல்லு மாறல!"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன சொல்லுப்பா?" என்றார் கருப்புசாமி.

"அட, இங்க நின்னுதானே சபதம் போட்டேன்? ஊசி போட்டா..." மேலுதட்டைத் தொட்டுக் காட்டினார்.

நெகட்டிவ் என்று முன்னாலேயே கேள்விப்பட்டிருந்த கருப்புசாமி கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "என்னமோ ஒண்ணு கொறையுது. முந்தி நீ கண்ணாடி போட்டிருந்தியா?"

"மீசைய்யா! மீசை!"

"அட ஆமா! எடுத்துட்டியா? நல்லாத்தான் இருக்குது. சபதம்ன்னு ஒண்ணு போட்டயாக்கும்? இருக்கும். அன்னிக்கி நானும் என்னமோ சொன்னேன். இவனும் சொன்னான். அப்பறம் எல்லாரும் போய்ப் போட்டுட்டு வந்துட்டம். உன்ற ஊட்டம்மாதானே வெடியால வரிசையில நின்னு எங்களுக்கெல்லாம் டோக்கன் எடுத்துக் குடுத்துச்சு. நாளாச்சே!"

மாரப்பன் பாலை ஊற்றிவிட்டு வந்தார். எவ்வளவு பால் என்று கேட்டதற்கு என்ன பதில் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து கேனைக் கீழே வைத்தார்.

"புள்ள, சொசைட்டியில ஆரும் என்ற மீசையப் பத்திப் பேசவே இல்லியாமா?"

"அப்படிங்களா?" துளசிமணி கண்ணை அகல விரித்தாள். "நான் போறப்பல்லாம் அதத்தானுங்க பேசீட்டிருந்தாங்க. உங்களப் பாத்ததும் நிறுத்தீட்டாங்களாட்ட இருக்குது. எல்லாம் ஒரு மரியாதைதானுங்க."

மாரப்பன் இதை இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் விட்டுவிட்டார். போகட்டும். சம்பந்தி போட்ட கண்டிசன் இருக்கிறதே, அதற்காகவாவது ஊசி போட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. அந்த ஒரு விசயத்தில் மனசு கொஞ்சம் ஆறியது.

வளைகாப்பன்று கஞ்சிக்கோட்டில் அதிகக் கூட்டமில்லை. ஒறம்பரை சொந்தத்தில் முக்கியமானவர்கள் மட்டும். யோகப்பிரியா பச்சைப் பட்டில் மனையில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்க்கோடு வந்து நின்ற ஆளை முதலில் யாரோ என்று பார்த்தாள். மாரப்பன் மாஸ்க்கை ஒரு நொடி இறக்கிக் காட்டினார்.

"அய்யோ, அப்பா!" அவள் சிரித்த சிரிப்பில் இரண்டு கையிலும் வளையல் குலுங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. "உங்க கல்யாண போட்டோவுல இருக்கற மாதிரியே இருக்கீங்கப்பா!"

மாரப்பன் சந்தனத்தை எடுத்து அவள் கன்னத்தில் தடவினார். ஊசி போட்ட தோளில் லேசாக வலி இருந்த மாதிரி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. இதைப் பார்க்காமல் இருந்திருப்போமே என்று நினைத்தபடி இன்னொரு கன்னத்திலும் தடவினார். மீசை என்ன பெரிய மீசை.

அப்போது சம்பந்தி வந்து கையைப் பிடித்து அவரை ஓரமாகக் கூட்டிப் போனார். நல்ல உயரமான ஆள். இவரைவிடப் பெரிய மீசை. அக்கம் பக்கம் பார்த்துவிட்டுச் சட்டைக் கையைத் தூக்கித் தோளைக் காட்டினார்.

"போட்டுட்டனுங்க சம்பந்தி. உங்க கண்டிசன மீற முடியுமுங்களா?"

"என்ற... கண்டிசனா?"

"அதானுங்க. ஊசி போடாத ஆளு ஒருத்தரு சபையில இருந்தாலும் மாரப்பன் வாசப்படி மிதிக்க மாட்டாருன்னு உங்க ஊட்டம்மா போன்ல ஒரே பேச்சாச் சொல்லீட்டாங்களே. உங்ககிட்டச் சொல்றதுக்கென்னங்க, எனக்குச் சின்ன வயசுலருந்தே ஊசின்னா கையும் காலும் ஆடும். இந்த ஜென்மத்துல போடறதில்லைன்னுதான் இருந்தேன். சம்பந்தி கண்டிசனாச்சேன்னு கண்ண மூடீட்டுப் போட்டுட்டனுங்க."

மாரப்பன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் பெண்களுக்கு நடுவே துளசிமணி மகளுக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பார்ப்பது தெரிந்ததும் தலையை நிமிர்த்தி, என்னங்க என்பது போலப் புருவத்தை உயர்த்தினாள். மாரப்பன் வாயைத் திறந்தார். இல்லை, அது என் கண்டிசன் இல்லை என்று சொன்னால், அப்புறம் யாருடையது என்று கேட்பார். அதைச் சொன்னால், பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வரும். மாட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வாயை மூடிக்கொண்டார். பிறகு திறந்தார்.

"ஆமாங்க சம்பந்தி," என்றார். "கண்டிசன்னா கண்டிசன்தான்."

சம்பந்தி அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"குடுத்து வெச்சவருங்க நீங்க. உங்க ஊட்ல உங்க சொல்லுதான் நடக்குது."